ஜன்னல் மேடமும் கண்குச்சியும்

என் மனைவியோடு தெருவில் நடப்பது பெரிய தொல்லை. தரையைப் பார்த்து நடக்கவே மாட்டாள். அண்ணாந்து மாடி ஜன்னல்களையும் கூரை ஓரங்களையும் பார்த்துக்கொண்டே போவாள். பள்ளம் வந்தால் நான்தான் கையைப் பிடித்து இழுக்க வேண்டும். கல்யாணமான புதிதில், ஆசையாகக் கையைக் கோத்துக்கொண்டு வருகிறாள் என்று நினைத்து உச்சி குளிர்ந்து போனேன். பிறகுதான் புரிந்தது, ஒரு கைத்தடி செய்ய வேண்டிய வேலையை நான் செய்துகொண்டிருக்கிறேன் என்று.

அவளுக்கு நகராட்சியில் வேலை. பழங்கட்டடப் பிரிவு. அப்படி ஒரு பிரிவு இருப்பது நகராட்சியிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது. மாடி நடையின் கோடியில், கால் உடைந்த நாற்காலிகளைப் போட்டுவைக்கும் அறைக்கு அடுத்த அறை. உள்ளே ஒரு மேஜை பிரிவுத் தலைவருக்கு, ஒரு மேஜை இவளுக்கு, ஒரு மேஜை காகிதக் கட்டுகளுக்கு. முதலில் இவள் சாலைப் பிரிவில் வரைபடம் போட்டுக்கொண்டிருந்தாள். சாக்கடை எந்தப் பக்கம் போகிறது என்று வரையச் சொன்னால், சாக்கடையை ஒரு கோடாக இழுத்துவிட்டு, அதன் ஓரத்தில் இருக்கும் வீடுகளை ஜன்னல் ஜன்னலாக, கம்பி கம்பியாக வரைந்து கொடுப்பாள். அங்கே இருந்த இன்ஜினியர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். "சாக்கடையைக் கேட்டா ஜன்னலைக் குடுக்குது இந்தம்மா" என்று சொல்லி, பழங்கட்டடப் பிரிவுக்குத் தள்ளிவிட்டார். யாரும் போக விரும்பாத இடம் அது. அவருக்குத் தொல்லை விட்டது. இவளோ மாற்றல் உத்தரவைப் பார்த்த அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வந்தாள்.

பழைய கடைவீதிதான் அவள் ராஜ்யம். கீழே கடை, மேலே குடியிருப்பு என்று தோளோடு தோள் உரச நிற்கும் வீடுகள். மாடியில் நெடுநெடுவென்று மர ஜன்னல்கள். ஒவ்வொன்றுக்கும் சாய்வுப் பலகைகள் வைத்த இரட்டைக் கதவு. எல்லாம் கரும்பச்சை. இவற்றை எல்லாம் பாதுகாக்கப்பட்ட கட்டடங்கள் என்று நகராட்சி எப்போதோ அறிவித்துவிட்டது. அறிவித்த கையோடு மறந்தும் விட்டது. பாதுகாக்கிற பொறுப்பு வந்து விழுந்தது இவள் தலையில்.

விதி சின்னதுதான். தெருவில் நிற்கும் ஒரு சராசரி ஆளின் கண்ணுக்குத் தெரிகிற எதையும் வீட்டுக்காரர் மாற்றக்கூடாது. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். ஆனால் சராசரி ஆளின் கண் எந்த உயரத்தில் இருக்கும் என்று விதியில் எழுதவில்லை. வீட்டுக்காரர்கள் விடுவார்களா? "எட்டிப் பாத்தா தெரியத்தான் செய்யும் மேடம், எட்டாம பாருங்க" என்று தெருவில் நின்று வழக்குப் பேசினார்கள். இவள் ஒரு நாள் பழைய துடைப்பக் கம்பு ஒன்றை எடுத்துப் போய், நெட்டையும் இல்லாத குட்டையும் இல்லாத பிரிவுத் தலைவரைச் சுவரோரம் நிற்கவைத்து, அவர் கண்ணுக்கு நேராகக் கம்பில் சிவப்புக் கோடு போட்டாள். அந்தக் கோட்டில் கேமராவை வைத்தால் படத்தில் எது விழுகிறதோ அது கண்ணுக்குத் தெரிவது, விழாதது தெரியாதது. அதற்குமேல் பேச்சில்லை. தெருக்காரர்கள் அதற்குக் கண்குச்சி என்று பெயர் வைத்தார்கள். அவளுக்கு ஜன்னல் மேடம்.

நான் ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் ரிப்பேர் செய்கிறவன். அதே கடைவீதியில் பாதி வீடுகள் என் வாடிக்கை. அவள் வெளியே நின்று பார்க்கிற வீடுகளை நான் உள்ளே போய்ப் பார்ப்பேன். உள்ளே கண்டதை அவளிடம் சொல்வதில்லை என்பது கல்யாணத்துக்கு முன்பே போட்ட ஒப்பந்தம். இல்லாவிட்டால் எனக்கு யார் கதவு திறப்பார்கள்? அப்படியும் சில வீடுகளில் அவள் மேல் உள்ள கோபத்தை எனக்குத் தருகிற டீயில் காட்டுவார்கள். சர்க்கரை இருக்காது. நானும் ஒன்றும் சொல்லாமல் குடித்துவிடுவேன்.

அந்த வீடுகளில் ஒரு விஷயம் எப்போதும் கண்ணில் படும். பட்டப்பகலில் லைட் எரியும். ஜன்னலைத் திறந்தால் வெளிச்சம் வருமே என்று கேட்டால், அது திறந்து வெகு நாளாகிறது என்பார்கள். தெருத் தூசிக்குப் பயந்து சாத்திவைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு வேலையைப் பார்ப்பேன்.

அவள் செய்ததிலேயே அவளுக்கு மிகவும் பெருமை தந்தது பெயிண்ட் திட்டம். மழை தொடங்கும் முன்பு, வீட்டுக்கு ஒரு டின் கரும்பச்சைப் பெயிண்ட் இலவசம். மரம் உளுத்துப் போகாமல் இருக்க வருஷா வருஷம் ஜன்னலுக்கு அடிக்க வேண்டும். இதற்காக நகராட்சிக் கூட்டத்தில் எழுந்து நின்று பேசி, சிரித்தவர்கள் வாயை அடைத்து வாங்கி வந்தாள். முதல் வருஷம் நம் ஜனங்கள் கைவரிசையைக் காட்டினார்கள். ஒருவர் டின்னை விற்றுவிட்டார். ஒருவர் தண்ணீர்த் தொட்டிக்கு அடித்தார். இன்னொருவர் தன் ஸ்கூட்டருக்கே அடித்து, அதில் ஏறி இவள் எதிரிலேயே போனார். இவளுக்கு மூக்கின் நுனி சிவந்துவிட்டது. அடுத்த வருஷம் நிபந்தனை வந்தது. பெயிண்ட் அடித்த ஜன்னலை, சாத்திய நிலையில், முழுக் கதவும் தெரியும்படி புகைப்படம் எடுத்துத் தர வேண்டும். தந்தால்தான் அடுத்த டின்.

அதன்பிறகு ஒருவரும் ஏமாற்றவில்லை. அலுவலக அறையில் மேஜைக்குப் பின்னால் உள்ள சுவரில், கடைவீதியின் படம் ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒன்றாக மாட்டிவைத்தாள். வருஷம் ஆக ஆகப் பச்சை கூடிக்கொண்டே வரும். கடைசிப் படத்தில் தெரு முழுக்க ஒரே பச்சை, ஒரே ஒழுங்கு. யார் அந்த அறைக்கு வந்தாலும், வழி தெரியாமல் வந்தவர்களாக இருந்தாலும்கூட, அந்தச் சுவரைப் பார்க்காமல் வெளியே போக முடியாது.

அந்தப் பச்சைக்கு அடங்காத ஒரே ஆள் ஸ்டூடியோக்காரர். வீதி முனையில் கீழே அவருடைய ஃபோட்டோ ஸ்டூடியோ, மேலே வீடு. தனி ஆள். மாடியில் மர ஜன்னலைக் கழற்றிவிட்டு அலுமினிய ஜன்னல் போட்டார். இழுத்தால் பக்கவாட்டில் நகரும் வகை. கண்குச்சியை நட்டுப் பார்த்தாள், பளபளவென்று தெரிந்தது. பழைய ஜன்னல் திறக்கவில்லை, மூச்சு முட்டுகிறது என்றார் அவர். திறக்காவிட்டால் ரிப்பேர் பண்ணுங்கள், மாற்றாதீர்கள் என்றாள் இவள். நோட்டீஸ் போனது, விசாரணை நடந்தது, அவர் மர ஜன்னலைத் திரும்ப மாட்டினார். அன்றிலிருந்து எங்கள் இருவரோடும் பேச்சை நிறுத்திவிட்டார். நான் வணக்கம் சொன்னால் எனக்குப் பின்னால் இருக்கும் கம்பத்தைப் பார்ப்பார். பாஸ்போர்ட் ஃபோட்டோ எடுக்க நாங்கள் ஊரின் இன்னொரு கோடிக்குப் போகவேண்டி இருந்தது.

இவ்வளவுக்கும் அவர் ஸ்டூடியோவுக்கு நேர் எதிர்வீடு என் மாமனார் வீடுதான். இவள் பிறந்து வளர்ந்த வீடு. மாமனார் குடிநீர் நிலையத்தில் பம்ப் ஓட்டி ஓய்வு பெற்றவர். எதையும் தூக்கிப் போடாத மனுஷன். அவர் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் கையை விட்டால், நான் தேடுகிற எந்த ஸ்க்ரூவும் கிடைக்கும். மாமியார் வாய் ஓயாமல் பேசுகிறவர். சில வருஷங்களுக்கு முன் குளியலறையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு உடைந்தது. கட்டுப் போட்டு எலும்பு கூடிவிட்டது. ஆனால் அதற்குப்பிறகு மாடியில் தன் அறை ஜன்னலை அவரால் திறக்க முடியவில்லை. இரண்டு கையாலும் தள்ளிப் பார்த்துவிட்டு, கையில் பலம் போய்விட்டது என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். நாள் முழுக்க ஜன்னலில் நின்று தெருவோடு பேசிக்கொண்டிருந்தவர், சுவரைப் பார்த்துப் படுத்தார். பேச்சும் குறைந்தது. எங்களுக்கு அதுதான் பயமாக இருந்தது.

மாமனார் மகளிடம் முறையாகக் கேட்டார், அந்த ஒரு ஜன்னலுக்கு மட்டும் அலுமினியம் போடலாமா என்று. அந்த ஜன்னலுக்கு முன்னால் ஒரு பெரிய மரம் அடர்ந்து நின்றது. இவள் கண்குச்சியோடு வந்து, தெருவில் நிற்கக்கூடிய இடத்தில் எல்லாம் நின்று, கேமரா வழியாகப் பார்த்தாள். எங்கே நின்றாலும் இலைதான் தெரிந்தது. "தெரியலப்பா, போட்டுக்கங்க" என்றாள். மாமனார் ஆள் வைத்து மர ஜன்னலைக் கழற்றித் தொட்டிக்கு அடியில் சாத்திவைத்தார். அலுமினிய ஜன்னல் ஒரு விரலால் தள்ளினால் நகர்ந்தது. மாமியார் மறுபடி எழுந்து உட்கார்ந்தார். இலைகளுக்கு அடியில் தெருவில் போகிறவர்களின் கால் மட்டும்தான் தெரியும். அதை வைத்தே யார் போகிறார்கள், புதுச் செருப்பு யார் வாங்கினார்கள், யார் கோபமாகப் போகிறார்கள் என்று மாமனாருக்குச் செய்தி வாசித்துக்கொண்டிருந்தார்.

இப்படியே போயிருக்கும். ஒரு நாள் பேய்க்காற்று அடித்து அந்த மரத்தின் கிளை ஒன்று மின்கம்பியில் விழுந்தது. நகராட்சித் தோட்டப் பிரிவு வாளோடு வந்தது. ஒரு கிளையை வெட்டச் சொன்னால் மரத்தையே மொட்டையடித்துவிட்டுப் போனார்கள். தோட்டப் பிரிவு இருப்பது இவள் அறைக்கு நேர் கீழே. படியேறி வந்து ஒரு வார்த்தை சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் காலை மளிகைக் கடையில் ஐஸ்பெட்டியைப் பிரித்துப் போட்டுவிட்டு நான் அதன் உள்ளே தலையை விட்டிருந்தேன். வெளியே ஸ்டூடியோக்காரர் குரல் கேட்டது. எங்களிடம் பேசாத ஆள் பேசுகிறாரே என்று எட்டிப் பார்த்தேன். அவர் கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சுற்றுக்கு வந்த என் மனைவி எதிரே நின்றாள்.

"மேடம், குச்சி கொண்டு வந்திருக்கீங்கல்ல? இங்க வெச்சு எதிர்வீட்டைப் பாருங்க."

தெருவே வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தது. அவள் குச்சியை ஊன்றினாள். கேமராவைச் சிவப்புக் கோட்டில் வைத்து எதிரே பார்த்தாள். மரம் இருந்த இடத்தில் வானம் இருந்தது. அலுமினிய ஜன்னல் முழுசாக, வெயிலில் மின்னிக்கொண்டு தெரிந்தது. அதில் என் மாமியார். ரொம்ப நாளைக்குப் பிறகு தெரு முழுவதும், கால் முதல் தலை வரைக்கும் தெரிகிற சந்தோஷத்தில் இருந்தார் அவர். மகளைப் பார்த்ததும் கையை உயர்த்தி ஆட்டினார். இவள் பதிலுக்குக் கையசைக்கவில்லை. படம் எடுத்துக்கொண்டு குச்சியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் நான் எனக்குத் தெரிந்த யோசனை எல்லாம் சொன்னேன். கொடி படரவிடலாம், மூங்கில் தட்டி கட்டலாம், மரம் தழைக்கும்வரை கண்டும் காணாமல் இருக்கலாம். பிரிவுத் தலைவரும் நல்ல மனுஷர். கை முடியாத வயதானவர், டாக்டரிடம் ஒரு சான்று வாங்கினால் விலக்குக் கொடுத்துவிடலாம் என்று சொல்லியிருக்கிறார். இவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அந்த மனுஷனுக்குக் குடுக்காத விலக்கை எங்க அம்மாவுக்கு எப்படிங்க குடுப்பேன்? அப்புறம் இந்தக் குச்சிய தூக்கிட்டு நான் எந்த வீட்டு வாசல்ல போய் நிக்கிறது?"

அவள் சொல்வது சரி என்று தெரிந்ததால் இன்னும் எரிச்சலாக வந்தது. மாமியார் மறுபடி சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவாரே என்ற பயம் வேறு.

நோட்டீஸை அவளே கொண்டுபோய்க் கொடுத்தாள். என்னைத் துணைக்கு அழைத்துப் போனாள். மாமனார் நின்றபடியே படித்தார்.

"மரத்தை வெட்டினது யாரு?" என்று கேட்டார்.

"நகராட்சி."

"நோட்டீஸ் குடுக்கறது?"

"நகராட்சிதாம்ப்பா."

"அப்ப நடுவுல நான் யாரு?"

அதோடு மகளிடம் பேச்சு நின்றது. "மாப்பிள்ளை, உங்க வீட்டு மேடத்துகிட்ட சொல்லுங்க, கெடு முடியறதுக்குள்ள கழட்டிடறேன்னு" என்று என்னிடம் சொல்லிவிட்டு மொட்டைமாடிக்கு ஏறிவிட்டார். மாமியார்தான் மகளின் கையைத் தட்டிக்கொடுத்தார். போகட்டும், யாராவது காலையில் திறந்துவிட்டுச் சாயங்காலம் சாத்தினால் போதும், நான் உட்கார்ந்துகொள்வேன் என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். ஸ்கூட்டரில் திரும்பும்போது என் முதுகில் முகத்தை வைத்து அழுதாள். அதிகம் அழாதவள்.

விடுமுறை நாளில் மர ஜன்னலைத் திரும்ப மாட்டப் போனேன், இவளும் கூட வந்தாள். நீங்கள் ஒன்றும் தொட வேண்டாம் என்றார் மாமனார். நான் ஒரு முனையைத் தூக்கியதும் மறுமுனையைத் தூக்கிக்கொண்டார். தொட்டிக்கு அடியில் இருந்து இரண்டு கதவுகளையும் சட்டத்தோடு வெயிலில் இழுத்துப் போட்டோம். தொட்டி கசிந்து கசிந்து ஒரு கதவின் ஓரத்தில் பெயிண்ட் கிளம்பியிருந்தது. அதைப் பிடித்து இழுத்தேன். மரப்பட்டை உரிகிற மாதிரி ஒரு பெரிய துண்டு கையோடு வந்தது. செருப்பு வார் அளவுக்குத் தடிமன். அதன் வெட்டு வாயில் பச்சைக்கு மேல் பச்சையாக அடுக்கடுக்காகக் கோடுகள் தெரிந்தன.

"எல்லாம் வருஷா வருஷம் நான் அடிச்சதுதான்" என்றார் மாமனார். குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

சட்டத்தைத் திருப்பிப் பார்த்தேன். கீல்கள் எங்கே இருக்கின்றன என்றே தெரியவில்லை. பெயிண்டுக்குள் புதைந்து கிடந்தன. கதவும் சட்டமும் சேரும் இடம் முழுக்கப் பெயிண்ட் இறங்கி இறுகி, அலுமினியம் போட வந்தவர்கள் இதை உளி வைத்துத்தான் பிளந்திருக்கிறார்கள் என்று அடையாளம் சொல்லியது. சூடான காற்று ஊதும் என் ப்ளோயரை ஓட்டி, பட்டித் தகட்டால் சுரண்ட ஆரம்பித்தேன். பெயிண்ட் சுருண்டு சுருண்டு வந்தது. அடியில் மரம் இளம் பழுப்பாக, ஒரு பொத்தல் இல்லாமல் இருந்தது. கீல்கள் பித்தளை. இரண்டு சொட்டு எண்ணெய் விட்டதும் கதவு காற்றுக்கே ஆடியது.

அப்போதுதான் இவள் டீ எடுத்துக்கொண்டு மேலே வந்தாள். தரையில் கிடந்த பச்சைத் துண்டை எடுத்து, அதன் கோடுகளை வெகு நேரம் பார்த்தாள். ஆடுகிற கதவைப் பார்த்தாள். பேசாத அப்பாவிடம் நேராகவே கேட்டாள், பெயிண்ட் எப்படி அடிப்பீர்கள் என்று.

மாமனாருக்குக் கோபம் மறந்துபோய்விட்டது. "எப்படி அடிக்கறது? சாத்திட்டு அடிப்பேன். சாத்தின மாதிரிதானேம்மா ஃபோட்டோ கேக்கறீங்க? திறந்து போட்டு அடிச்சா, காஞ்சப்புறம் சாத்தி, அப்புறம் ஃபோட்டோ எடுக்கணும். யாரு அவ்வளவு நேரம் காத்திருக்கறது? சாத்தினோமா, அடிச்சோமா, எடுத்தோமான்னு போயிடும்."

அவள் டீத் தட்டைக் கீழே வைத்துவிட்டுத் தொட்டியின் படியில் உட்கார்ந்தாள். நான் எங்கள் ஒப்பந்தத்தை முதல் தடவையாக மீறினேன். கடைவீதியில் நான் போகிற வீடுகளில் எல்லாம் பகலில் லைட் எரிகிறது என்று சொன்னேன்.

"எல்லா வீட்லயுமா?"

"நான் போற எல்லா வீட்லயும். தூசிக்காக சாத்தி வெச்சிருக்காங்கன்னு நெனச்சேன்."

அவள் அறைச் சுவரில் மாட்டிய படங்கள் என் கண்ணில் வந்து நின்றன. வருஷத்துக்கு வருஷம் பச்சை கூடிய அந்தத் தெருவில், ஒரு ஜன்னல்கூடத் திறந்திருந்து நான் பார்த்ததில்லை.

வெயில் தாழ்வதற்குள் ஜன்னலை மாட்டினோம். சட்டத்தில் இருந்த பழைய பெயிண்டையும் சுரண்டி எடுத்துவிட்டு, கதவுகளைச் சாத்தி, மாமியாரைக் கூப்பிட்டோம். அவர் தயங்கினார். நீங்களே திறந்துவிடுங்கள் என்று என்னிடம் சொன்னார். "நீயே தொடு" என்றார் மாமனார். உடைந்து கூடிய வலது கையை நீட்டி, விரல் நுனியால், சூடு பார்க்கிற மாதிரி தொட்டார். இரண்டு கதவும் சடாரென்று திறந்து வெளிச்சுவரில் மோதின. கீழே போன யாரோ திடுக்கிட்டு மேலே பார்த்தார்கள். மாமியார் கதவை இழுத்துச் சாத்தினார். மறுபடி தள்ளினார். மறுபடி சாத்தினார். பிறகு தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என் கைதான் போச்சுன்னு நெனச்சிட்டு இருந்தேன்" என்றார்.

குறையாகச் சொல்லவில்லை. சந்தோஷமாகத்தான் சொன்னார். ஆனால் பக்கத்தில் நின்ற என் மனைவியின் முகம் போன போக்கை என்னால் பார்க்க முடியவில்லை. ஒரு நல்ல காரியம் செய்வதாக நினைத்து, பெற்ற தாயை இத்தனை நாள் தன் கை செத்துவிட்டதாக நம்பவைத்திருக்கிறோம் என்ற நினைப்பு அவளைச் சுட்டது. அம்மாவின் அந்தக் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டாள். மாமியாருக்கு எதுவும் விளங்கவில்லை. விடுடி, நான் இன்னொரு தடவை திறக்கணும் என்று கையை உருவிக்கொண்டார்.

மறுநாள் காலை அவள் வேலைக்குக் கிளம்பும்போது கண்குச்சியை எடுக்கவில்லை. என் பட்டித் தகட்டை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு, ப்ளோயரை என்னிடம் தூக்கச் சொன்னாள். எங்கே என்று நான் கேட்கவில்லை. ஸ்டூடியோக்காரர் எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். எதிர்வீட்டில் மர ஜன்னல் திரும்பி வந்ததை அவர் பார்த்திருக்க வேண்டும். இப்போது தனக்கு என்ன நோட்டீஸோ என்று முகம் கடுத்திருந்தது.

"அண்ணா, உங்க ஜன்னல் திறக்காம போனதுக்கு நான்தான் காரணம். திறந்து குடுத்துட்டுப் போறேன். மாடிக்கு விடுங்க" என்றாள்.

அவர் உடனே வழி விடவில்லை. "நான் அன்னைக்கே சொன்னேன், திறக்கலன்னு" என்றார்.

"சொன்னீங்க. என் காதுல விழல."

அவர் கொஞ்ச நேரம் எங்களை நிற்கவைத்தார். நிற்கவைக்க அவருக்கு உரிமை உண்டு என்றே எனக்குப் பட்டது. பிறகு முன்னால் படியேறினார்.

அறைக்குள் லைட் எரிந்தது. மேஜையில் பாதி முடித்த ஃபோட்டோ ஆல்பம், அதன்மேல் ஒரு மேஜை விளக்கு, மூலையில் முனகிக்கொண்டு ஒரு மின்விசிறி. கட்டிலைக் கதவுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டிருந்தார், படிக்கட்டு வழியாகக் காற்று வரும் என்று. அவர் அப்படியே இருந்திருக்கிறார், விசாரணை முடிந்த நாளிலிருந்து. நாங்கள் மூன்று பேரும் மாறி மாறிச் சுரண்டினோம். நடுவில் அவரே போய் டீ வாங்கி வந்தார். சர்க்கரை போட்டிருந்தது.

மத்தியானத்துக்குச் சற்று முன்னால் கதவு அசைந்தது. தள்ளுங்கள் என்று அவரிடமே விட்டோம். அவர் தள்ளினார். வெளிச்சம் வந்து விழுந்ததில் எனக்கே கண் கூசியது. கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தால், எதிரே, மொட்டை மரத்துக்கு மேல், திறந்த ஜன்னலில் என் மாமியார். அவருக்கு இது போதாதா?

"ஏம்ப்பா, அங்க மேல ஒரு ஆள் இருக்கறதே எனக்கு மறந்துபோச்சே" என்று தெருவுக்கு மேலே சத்தமாகக் கேட்டார்.

ஸ்டூடியோக்காரர் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே சாய்ந்தார். "இங்கதாம்மா இருந்தேன்" என்றார். "ரொம்ப நாளா இங்கதான் இருந்தேன்."

அதற்குப்பிறகு அவர்கள் இரண்டு பேரும் பேசியதை எழுத இடம் போதாது. இன்றைக்கும் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். நடுத்தெருவில் நடக்கிறவர்கள் தலைக்கு மேலே இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் விலைவாசி போகும், அந்தப் பக்கமிருந்து முழங்கால் வலி வரும். மாமனார், மரம் மறுபடி தழைத்தால்தான் வீட்டில் கொஞ்சம் அமைதி கிடைக்கும் என்கிறார். அலுமினிய ஜன்னலை அவர் தூக்கிப் போட்டுவிடவில்லை. தொட்டிக்கு அடியில்தான் இருக்கிறது.

இவள் அலுவலகத்தில் உட்கார்ந்து, பெயிண்ட் திட்டத்தை மாற்றி எழுதினாள். பழைய பெயிண்டைச் சுரண்டி எடுத்த பிறகுதான் புதுசு அடிக்க வேண்டும், டின்னோடு ஒரு சுரண்டும் தகடும் நகராட்சி தர வேண்டும். புகைப்படம் ஜன்னல் திறந்த நிலையில் இருக்க வேண்டும். காரணம் என்ன என்று பிரிவுத் தலைவர் கேட்டதற்கு, நான் சாத்தச் சொன்னேன், தெருவே சாத்திக்கொண்டது என்று சொல்லியிருக்கிறாள். அவர் வேறெதுவும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார். அந்த வருஷம் மழைக்கு முன் கடைவீதியில் எங்கே பார்த்தாலும் கரகரவென்று சுரண்டும் சத்தம். என் ப்ளோயர் வீடு வீடாகப் போய் வந்தது. எனக்கு டீயில் சர்க்கரை தாராளமாக விழுந்தது. டார்ச்சை வாயில் கவ்வுகிற வேலையும் குறைந்துவிட்டது.

சுவருக்கு அந்த வருஷத்துப் படத்தை எடுத்தவர் ஸ்டூடியோக்காரர். அவருடைய கேமரா, இவளுடைய குச்சி. இந்த உயரத்தில் வைத்தால் படம் உருப்படாது என்று அவர் சொல்ல, சிவப்புக் கோட்டைவிட்டு ஒரு விரல்கூட நகரக்கூடாது என்று இவள் சொல்ல, அரை மணி நேரம் சண்டை நடந்தது. கடைசியில் கோட்டில்தான் வைத்தார். தெரு நெடுக அத்தனை ஜன்னலும் திறந்திருந்தன. கட்டடம் மட்டும்தான் தெரிய வேண்டும், யாரும் தலை காட்டக்கூடாது என்று அவர் தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினார். எல்லாரும் உள்ளே போய்விட்டார்கள். என் மாமியார் போகவில்லை. மகளைப் பார்த்து வலது கையை நன்றாக உயர்த்தி ஆட்டினார்.

"மறுபடி எடுக்கட்டுமா மேடம்?" என்று கேட்டார் ஸ்டூடியோக்காரர்.

வேண்டாம், இதுவே இருக்கட்டும் என்றாள் என் மனைவி. குச்சியை என்னிடம் பிடிக்கக் கொடுத்துவிட்டு, நடுத்தெருவில் நின்று அம்மாவுக்குக் கையசைத்தாள்.